பிறை தெரிந்தால் நாளை நோன்பு

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் என்ன செய்வோம்? ஒட்டடை அடிப்போம், அரிசி பருப்பு வாங்கி வைப்போம், பாய் தலையணையை வெயிலில் போடுவோம். ஆனால் அவர் நாளை வருகிறாரா, நாளை மறுநாள் வருகிறாரா என்பது இன்று பொழுது சாய்ந்த பிறகுதான் தெரியும் என்றால்? முஸ்லிம் வீடுகள் ரமலான் மாதத்துக்குத் தயாராவதில் உள்ள சிக்கல் இதுதான். ஆயிரத்து நானூறு வருடங்களாக இருக்கிறது, இன்னும் தீரவில்லை.

இஸ்லாமிய மாதத்துக்கு 29 நாளும் இருக்கலாம், 30 நாளும் இருக்கலாம். முந்தைய மாதமான ஷஅபானின் 29ஆம் நாள் மாலை மேற்கு வானத்தில் பிறை தெரிந்தால் மறுநாள் நோன்பு. தெரியாவிட்டால் ஷஅபானை 30 நாளாக நிரப்பிக்கொள்ள வேண்டும். பிறை தெரிந்துவிட்டால் அன்று இரவே பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகை ஆரம்பம். விடிவதற்கு முன் ஸஹர் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். செய்தி வருவதற்கும் அடுப்பு பற்ற வைப்பதற்கும் நடுவே சில மணி நேரம்தான். தொலைபேசி இல்லாத காலத்தில் இந்தச் செய்தி ஊரின் கடைசி வீடு வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது? பிறை தெரிந்ததா இல்லையா என்பதை யார் முடிவு செய்தார்கள்? இதற்குப் பதில் தேடினால் எகிப்துக்குத்தான் அதிகம் போக வேண்டியிருக்கிறது. அங்கேதான் இதையெல்லாம் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முன் மதீனா. ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டது ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல். அப்போது மதீனாவில் இருந்த சமூகம் சிறியது. தயாராவது என்றால் பெரும்பாலும் தன்னைத் தயார் செய்துகொள்வதுதான். நபிகள் நாயகம் ஷஅபான் மாதத்தில் அதிகமாக நோன்பு வைத்தார் என்று அவருடைய மனைவி ஆயிஷா சொல்லியிருக்கிறார். ஆனால் ரமலானுக்கு ஒருநாள் இருநாள் முன்னால், வழக்கமாக நோன்பு வைப்பவரைத் தவிர மற்றவர்கள், முந்திக்கொண்டு நோன்பு பிடிக்கக் கூடாது என்றும் தடுத்திருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாள் முன்பே தொடங்கும் ஆசை மனிதருக்கு வரும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது! இந்தத் தடையைப் பின்னால் மக்காவில் ஒரு அமீர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதைப் பார்க்கப் போகிறோம்.

ஆயிஷா சொன்ன இன்னொரு செய்தி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. போன ரமலானில் விடுபட்ட நோன்புகளை (நம் ஊரில் களா நோன்பு என்பார்கள்) அடுத்த ஷஅபான் வரும்போதுதான் தன்னால் வைத்து முடிக்க முடிந்தது என்கிறார். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. அந்த நாட்களைப் பின்னால் எண்ணிக்கைப்படி நிரப்ப வேண்டும். ஆகவே பெண்களுக்கு ஷஅபான் என்பது வரப்போகும் மாதத்துக்கான தயாரிப்பு மட்டுமல்ல, போன வருடக் கடனை அடைக்கிற கடைசித் தவணையும் கூட. வரலாற்றுப் புத்தகங்களில் ரமலான் தயாரிப்பு என்றால் விளக்கும் ஊர்வலமும்தான் வரும். வீட்டுக்குள் மாவு இடித்துக்கொண்டே களா நோன்பும் வைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி யாரும் தனியாக எழுதவில்லை. நல்லவேளையாக ஆயிஷாவே சொல்லிவிட்டுப் போனார்.

நேரம் கணிப்பதிலும் ஆரம்பத்தில் தடுமாற்றம் இருந்தது. விடியலின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிந்து தெரியும் வரை உண்ணலாம் என்ற கருத்தில் குர்ஆன் வசனம் வந்தபோது, அதீ இப்னு ஹாத்திம் என்ற தோழர் உண்மையாகவே இரண்டு கயிறுகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அது இரவின் இருளையும் பகலின் வெளிச்சத்தையும் குறிக்கிறது என்று நபிகள் விளக்க வேண்டியதாயிற்று.

ஒரே ஊராக இருந்தவரை பிறைச் சிக்கல் பெரிதாகத் தெரியவில்லை. அரசு சிரியா வரை பரவியதும் வந்தது. குரைப் என்பவர் சிரியாவிலிருந்து மதீனா திரும்புகிறார். அங்கே வெள்ளி இரவு பிறை பார்த்து முஆவியாவும் மக்களும் நோன்பு தொடங்கிவிட்டதாகச் சொல்கிறார். மதீனாவில் பிறை தெரிந்ததோ சனி இரவு. ஆட்சியாளர் பார்த்ததே போதாதா என்று குரைப் கேட்க, இப்னு அப்பாஸ் போதாது என்று மறுத்துவிடுகிறார். நாங்கள் எங்கள் பிறைப்படிதான் முடிப்போம் என்கிறார். ஒரு ஊரின் பிறை இன்னொரு ஊருக்குச் செல்லுமா என்ற வாதத்துக்கு இந்த உரையாடல்தான் விதை. ஷாஃபிஈ மத்ஹபினர் பொதுவாகப் பிறை உதிக்கும் பகுதி ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்பார்கள். ஹனஃபி மத்ஹபின் பழைய கருத்துப்படி ஓரிடத்தில் பார்த்தது எல்லா இடத்துக்கும் போதும்.

இதையெல்லாம் ஒரே அடியில் ஓரங்கட்டிய அரசு ஒன்று இருந்தது. கி.பி. 969இல் எகிப்தைப் பிடித்து கெய்ரோவைக் கட்டிய ஃபாத்திமியர்கள். இஸ்மாயிலி ஷியாக்களான அவர்களுக்கு மாதம் கணக்குப்படி வரும், வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே ரமலான் முதல் நாள் கலீஃபா படை பரிவாரத்தோடு ஊர்வலம் வருவார். அந்த ஊர்வலமே பிறை பார்த்ததற்குச் சமம். மக்கள் மேற்கே பார்ப்பதற்குப் பதிலாக அரண்மனை வாசலைப் பார்த்தார்கள்!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தேதி முன்கூட்டியே தெரிந்தால் தயாரிப்பு எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்பதற்கும் ஃபாத்திமியர்தான் உதாரணம். இவர்கள் காலத்து வழக்கங்களைப் பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி (1364-1442) தொகுத்து வைத்திருக்கிறார். ரமலானுக்கு மூன்று நாள் இருக்கும்போது காழிகள் கிளம்பி கெய்ரோவிலும் பக்கத்துப் பழைய நகரமான ஃபுஸ்தாத்திலும் பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போவார்களாம். பாய் கிழிந்திருக்கிறதா, விளக்கு போதுமா, சுவர் எங்கேயாவது பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. மது விற்கும் இடங்களை அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜமாதுல் ஆகிர் முடிவிலேயே பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். ரமலான் முதல் நாளில் அமீர்கள், அதிகாரிகள் வீடுகளுக்கு அரண்மனையிலிருந்து தட்டு வரும். வீட்டுத் தலைவருக்கு ஒன்று, மனைவி மக்களுக்குத் தலைக்கு ஒன்று. தட்டு நிறைய அல்வா, நடுவில் தங்கக் காசு முடிச்சு. (இது மேல்தட்டு வீடுகளுக்கு மட்டும். மூட்டை தூக்கிய ஆள் வீட்டுக்குத் தட்டு போனதாகத் தகவல் இல்லை.)

சிக்கல் எங்கே என்றால், எகிப்து முஸ்லிம்களில் பெரும்பாலோர் சுன்னிகள். அவர்களுக்குக் கண்ணால் பார்த்த பிறைதான் பிறை. அரசு நோன்பு என்று சொன்ன நாளில் பக்கத்து வீட்டில் அடுப்பெரிந்தால் அது வெறும் சமையல் இல்லை, அரசை ஏற்கவில்லை என்பதற்கு அடையாளம். கலீஃபா அல்-ஹாகிம் (ஆட்சி 996-1021) பலவிதமான விசித்திர உத்தரவுகளுக்குப் பேர்போனவர். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு நல்ல உத்தரவும் போட்டார். கணக்குப்படி வைப்பவர்கள் அவர்கள் கணக்கில் வைக்கட்டும், பிறை பார்த்து வைப்பவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. அவருடைய மனம் அடிக்கடி மாறும் என்பது வேறு விஷயம். இருந்தாலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு ஆணையில் இப்படி எழுத முடிந்திருக்கிறது.

1171இல் ஃபாத்திமியர் ஆட்சி முடிந்து ஸலாஹுத்தீன் (சலாதீன்) கைக்கு எகிப்து வந்தது. பிறை பார்ப்பது மீண்டும் அரசு முறையானது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1183 டிசம்பரில், ஸ்பெயினிலிருந்து வந்த இப்னு ஜுபைர் என்ற பயணி மக்காவில் ரமலானைச் சந்திக்கிறார். அவர் கணக்கில் நோன்பு டிசம்பர் 19, திங்கட்கிழமை. ஆனால் மக்காவாசிகள் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டார்கள். யாரோ பிறை பார்த்ததாகச் சொன்னார்கள், அது சரியாக நிரூபணமாகவில்லை. ஆனாலும் மக்கா அமீர் ஏற்றுக்கொண்டு சனி இரவு முரசு அடிக்கச் சொல்லிவிட்டார். காரணம், சந்தேகமான நாளிலும் நோன்பு வைக்க வேண்டும் என்பது அந்த அமீர் சார்ந்த பிரிவின் கொள்கை என்கிறார் இப்னு ஜுபைர். முந்திக்கொள்ளாதீர்கள் என்று சொன்னவரின் சொந்த ஊரிலேயே இப்படி! முரசு யார் கையில் இருந்ததோ அவர்தான் மாதத்தைத் தொடங்கி வைத்தார்.

அதே இப்னு ஜுபைர் பார்த்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ரமலானுக்காக ஹரம் பள்ளியில் பாய்களைப் புதிதாக மாற்றி, மெழுகுவர்த்திகளையும் தீப்பந்தங்களையும் அதிகப்படுத்தினார்கள். ஸஹர் நேரத்தை மினாராவிலிருந்து கூவி அறிவிப்பார்கள். ஆனால் குரல் எட்டாத வீடுகள் இருக்குமே? அதற்காக மினாரா உச்சியில் ஒரு கம்பம் நட்டு அதில் விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். விடியல் நெருங்கியதும் விளக்கை இறக்கிவிடுவார்கள். தூரத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியிலிருந்து பார்ப்பார். விளக்கு தெரிந்தால் இன்னும் சாப்பிடலாம், தெரியாவிட்டால் கையைக் கழுவ வேண்டியதுதான். காது கேளாதவருக்கும் இது உதவியிருக்கும்.

இனி மறுபடியும் எகிப்து. 1326இல் இப்னு பதூதா, நைல் கழிமுகத்தில் உள்ள அப்யார் என்ற சிறிய ஊருக்கு வருகிறார். அன்று ஷஅபான் 29. அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களும் மார்க்க அறிஞர்களும் காழி வீட்டில் ஒவ்வொருவராகக் கூடுகிறார்கள். வாசலில் ஒருவர் நின்று மரியாதையோடு உள்ளே அழைத்துப் போய் அவரவர் இடத்தில் உட்கார வைக்கிறார். எல்லோரும் வந்ததும் காழி வாகனத்தில் ஏற, மற்றவர்களும் ஏற, ஊரே பின்னால் புறப்படுகிறது, ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் என்று. ஊருக்கு வெளியே ஒரு மேடு. பிறை பார்ப்பதற்கென்றே உள்ள இடம் அது. விரிப்பும் திண்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து பிறையைத் தேடுகிறார்கள். மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பும்போது முன்னால் மெழுகுவர்த்தி, தீப்பந்தம், லாந்தர். கடைக்காரர்கள் கடைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறார்கள். காழியை வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கலைகிறார்கள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் என்று எழுதுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, அப்யாரில் யாருக்கும் தனியாகச் செய்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊரே சாட்சியாக மேட்டில் நின்றது. வர முடியாமல் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெருவில் திரும்பி வரும் வெளிச்சம் இருந்தது. முரசை விட இது எனக்கு உசத்தியாகப் படுகிறது.

கெய்ரோ மாதிரிப் பெரிய நகரத்தில் ஊரே மேட்டுக்குப் போக முடியாது. அங்கே தயாரிப்பு சந்தையில் தெரிந்தது. மெழுகுவர்த்திக் கடைவீதிக்கு ரமலான்தான் பெரிய சீசன் என்கிறார் மக்ரீஸி. தராவீஹ் ஊர்வலத்துக்கு மெழுகுவர்த்திகளை விலைக்கும் வாங்குவார்கள், வாடகைக்கும் எடுப்பார்கள். பத்து ராத்தல் எடையுள்ளவை உண்டு (ஏறக்குறைய நாலரை கிலோ). சக்கர வண்டியில் வைத்து இழுத்துப் போகும் மெழுகுவர்த்திகளும் உண்டு. அவை ஒரு கின்தார், அதாவது நூறு ராத்தலுக்கும் மேலே! இனிப்புக் கடைகளில் ரஜப் மாதத்திலும் ஷஅபான் நடுவிலும் சர்க்கரையில் குதிரை, சிங்கம், பூனை பொம்மைகள் செய்து நூலில் தொங்கவிடுவார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வாங்காமல் தப்ப முடிந்திருக்காது. தன் காலத்தில் இந்தக் கடைவீதிகளெல்லாம் களையிழந்துவிட்டன என்று மக்ரீஸி வருத்தப்படுகிறார். (அவர் எதைப் பற்றி எழுதினாலும் கடைசியில் இப்படித்தான் வருத்தப்படுவார்.)

ஐந்நூறு வருடம் தாண்டி வருவோம். எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் 1820களிலும் 30களிலும் கெய்ரோவில் தங்கி, எகிப்தியர் வாழ்க்கை பற்றி 1836இல் புத்தகம் வெளியிட்டார். பிறை பார்க்கும் இரவை அவர் விவரிப்பதில் எனக்கு ஆச்சரியம் தந்தது ஊர்வலத்தில் வந்தவர்களின் பட்டியல். சந்தை அதிகாரியான முஹ்தஸிப் முன்னால் வர, மாவரைப்போர், ரொட்டி சுடுவோர், ஆடுமாடு அறுப்போர், இறைச்சி விற்போர், எண்ணெய் வியாபாரிகள், பழ வியாபாரிகள் என்று தொழில் தொழிலாக அவரவர் தலைவர்களோடு கோட்டையிலிருந்து காழியின் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். நகரத்துக்கு வெளியே பல மைல் தூரம் பாலைவனத்துக்குப் பிறை பார்க்கப் போனவர் திரும்பும் வரை காத்திருக்கிறார்கள். செய்தி வந்ததும் கூட்டம் பல பிரிவாகப் பிரிந்து தெருத்தெருவாக நோன்பு என்று கூவிக்கொண்டு போகும். பிறை தெரியாவிட்டால் நாளை ஷஅபான்தான், நோன்பில்லை என்று கூவும்.

ஏன் மாவுக்காரரும் எண்ணெய்க்காரரும்? லேன் காரணம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இது. அந்த மாதம் வீடுகளுக்குத் தேவையான சாமான் எல்லாம் இந்தக் கைகள் வழியாகத்தான் போக வேண்டும். தராசும் விலையும் முஹ்தஸிப் பொறுப்பு. நாளை முதல் ஊர் முழுக்க இரவில் சாப்பிடப் போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இவர்கள்தானே.

ஸஹருக்கு எழுப்ப ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆள் உண்டு. கையில் சிறு பறை, கூடவே விளக்குப் பிடிக்க ஒரு பையன். வீட்டு வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயர் சொல்லி வாழ்த்துவார். மாடியில் இருக்கும் பெண்கள் அவருக்குக் காசு கொடுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். காசைக் காகிதத்தில் மடித்து, காகிதத்துக்குத் தீ வைத்து, ஜன்னல் வழியாகக் கீழே போடுவார்கள். இருட்டில் காசு எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே!

அப்புறம் தந்தி வந்தது. பழைய சண்டை புதிய உருவில் திரும்பியது. தந்தியில் வந்த பிறைச் செய்தி சாட்சியமாகுமா? கம்பி வழியாக வரும் தட்டல் சத்தத்தை நேரில் நின்று சத்தியம் செய்யும் மனிதனுக்குச் சமமாக வைக்கலாமா? டமாஸ்கஸ் அறிஞர் ஜமாலுத்தீன் அல்-காஸிமி 1911இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, தந்திச் செய்தியை ஏற்கலாம் என்று வாதாடினார். பின்னால் வானொலி, தொலைபேசி என்று ஒவ்வொன்றுக்கும் இதே கேள்வி வந்தது. செய்தி வேகமாகப் போகப் போக ஒற்றுமை கூடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. முன்பு அடுத்த ஊரில் என்ன நாள் என்றே தெரியாமல் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். இப்போது சவூதியில் என்ன நாள் என்பது அஞ்சு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது, எந்தப் பிறை நம்முடையது என்று ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் கெய்ரோவில் அடக்கமாகியிருக்கும் இமாம் ஷாஃபிஈயின் மத்ஹப். உள்நாட்டில் ஹனஃபிகள் அதிகம். இதற்கு மேல், நம் பகுதிப் பிறையே வேண்டும் என்போர், உலகில் எங்கு தெரிந்தாலும் போதும் என்போர், விஞ்ஞானக் கணக்கே போதும் என்போர் என்று மூன்று தரப்பு. ஷஅபான் 29 மாலை தலைமைக் காஜியின் அறிவிப்புக்காக வீடுகள் காத்திருக்கும்போதே, ஒரே தெருவில் ஒரு வீட்டில் அன்று முதல் நோன்பு முடிந்திருக்கும். அண்ணன் வீட்டில் இன்று, தம்பி வீட்டில் நாளை என்றும் நடக்கிறது. பெருநாளும் அதே மாதிரி இரண்டாகப் பிரியும்போது, மாமியார் எந்த வீட்டுக்கு என்ன சமைத்து அனுப்புவது? இதற்கு ஃபத்வா கிடையாது. அல்-ஹாகிமின் அந்த உத்தரவை யாராவது தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் தேவலை.

வானம் என்ன சொன்னாலும் மாறாதது இங்கே நோன்புக் கஞ்சி. பச்சரிசிக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு, புதினா மல்லி, தேங்காய்ப்பால். வசதி இருந்தால் கொத்துக்கறி. முதல் நோன்பு அன்று மதியத்துக்கு மேல் பள்ளிவாசலில் பெரிய அண்டா ஏறிவிடும். அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசை நிற்கும், முஸ்லிம் அல்லாத வீட்டுப் பிள்ளைகளும் சேர்த்து. 2001ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கஞ்சிக்குத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி கொடுத்து வருகிறது. ஜமாஅத்தார் முன்கூட்டியே மனு எழுதி, மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, அரிசியை இறக்கி வைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் யாரும் பிறை தெரியும் வரை காத்திருப்பதில்லை.